ஏழு சரியாக இருந்தது

"ஸோ, இப்ப நம்ம என்ன பண்ணப் போறோம்னா" என்று ரெஜினா டீச்சர் ஆரம்பித்ததும் நான் நிறுத்தினேன். வாய் பாதி திறந்து, ஒரு கை மேலே போன நிலையில் அவள் திரையில் நின்றாள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அப்படியே நிற்பாள், முகம் சுளிக்க மாட்டாள். இந்த ஒன்றுக்காகவே இவளுக்கு ஒரு மாலை போடலாம். கம்ப்யூட்டருக்கு வேலை சொல்ல வரி எழுதக் கற்றுத்தரும் வீடியோவில், பன்னிரண்டாம் பாடத்தை நான் பார்ப்பது இது ஐந்தாவது தடவை. ஐந்து தடவையும் ஒரே குரலில் சொல்கிறாள், நேற்றுத்தானே சொன்னேன் என்ற பேச்சே கிடையாது. ஆறாம் வகுப்பில் தனுஷ்கோடி வாத்தியார் இருந்தார். பின்னக் கணக்கை இரண்டாம் தடவை கேட்டதற்கு என்னை எழுப்பி வாசலில், செருப்புகள் கிடக்கிற இடத்தில் உட்காரச் சொன்னார். மீதி வருஷம் அங்கேயே உட்கார்ந்துதான் படித்தேன். ஏழாம் வகுப்புக்குப் போகவில்லை, செருப்புகளுக்கு நடுவிலிருந்து எழுந்து நேராக வேலைக்குப் போய்விட்டேன். அவர் செத்து இருபது வருஷம் இருக்கும், துட்டிக்கும் நான் போகவில்லை. ஊரே போனது. நான் அன்று ஊர்த் தண்ணீர் டேங்க் மேலே ஏறி உட்கார்ந்து பாடை போகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் பெரிய மனிதர்கள் எல்லாம் தீக்குச்சி மாதிரி இருப்பார்கள். இவள் என் மகள் வயசுதான் இருப்பாள், இருந்தாலும் எனக்கு டீச்சர். புரியலேன்னா பாஸ் பண்ணிக்கோங்க நண்பர்களே என்கிறாள். அறுபத்தோரு வருஷத்தில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. நண்பரே என்றும் சொன்னதில்லை.

மணி எட்டே கால். ஒன்பதுக்குக் கரண்ட் போய்விடும். மாதாந்திரப் பராமரிப்பு, சாயங்காலம் ஐந்துக்குத்தான் வரும் என்று நேற்றே சொல்லிவிட்டார்கள். இந்த லேப்டாப் என் மகள் தங்கமாரி புனேவுக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. பேட்டரி செத்துப்போய், வயர் பிடுங்கினால் அந்த நிமிஷமே அணைந்துவிடும். அதனால் பிளக்குக்குப் பக்கத்தில், தையல் மெஷின் மேல் வைத்திருக்கிறேன். கால் என்னை அறியாமல் பெடலை மிதித்துக்கொண்டிருக்கும், சக்கரம் சும்மா சுற்றும். எனக்கு இது பிடித்திருக்கிறது. காலையில் காப்பி, ஜன்னல் வழியாக முழங்கையில் வெயில், திரையில் நான் எழுதிய வரிகள். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று தோன்றுகிறது. உடனே, என்ன வேண்டும் என்று உள்ளே ஒன்று கேட்கிறது. அதைக் கேட்கவிடாமல் டீச்சரை ஓடவிட்டேன். "ஏங்க, அந்த வயரைக் கொஞ்சம் பிடுங்குங்க, சேலைக்கு ஒரு இழுப்பு இழுத்துக்கிறேன்" என்று என் மனைவி சீனியம்மாள் இஸ்திரிப் பெட்டியோடு வந்து நின்றாள். அடுப்படி பிளக்கில் போடு என்றேன். "அங்க நின்னு பட்டுச்சேலையத் தேய்ச்சா சாம்பார் வாசனைதான் வரும்" என்று முனகிக்கொண்டே போனாள். போகும்போது தலையிலிருந்து மல்லிகை வாசனை வந்தது. ஒன்பது பத்து மினிபஸ்ஸில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போகிறாள், அவன் பேரனுக்குக் காதுகுத்து. வழக்கம்போலத் தனியாகத்தான் போகிறாள். நேற்றும் அதற்கு முந்தின நாளும் "நீங்களும் வாங்க" என்று கேட்டாள், இன்று கேட்கவில்லை. கேட்காததுதான் காலையிலிருந்து எங்கேயோ இடித்துக்கொண்டிருக்கிறது.

போன வாரம் பட்டியல் பாடம். உங்களுக்குப் பிடித்த ஐந்து பழங்களைப் பட்டியலாக எழுதுங்கள் என்றாள் டீச்சர். எனக்கு மாம்பழத்துக்கு மேல் ஒன்றும் ஓடவில்லை. ஐந்து பேர்தானே, நான் முகத்தில் முழிக்காத ஐந்து பேரை எழுதினேன். இங்கிலீஷ் எழுத்து எனக்குப் பஸ் போர்டு பார்த்துப் பழகியதுதான். ஒவ்வொன்றாகத் தேடி, ஒற்றை விரலால் அடித்து முடிக்க அரைமணி நேரம் ஆனது, ஆனால் பேர்கள் மட்டும் தடங்கலில்லாமல் வந்தன. பால்சாமி, அதாவது சீனியம்மாளின் அண்ணன். தனுஷ்கோடி வாத்தியார், செத்திருந்தாலும். நான் தண்ணீர் திறந்துவிடுகிற வேலையில் இருந்தபோது பேரூராட்சியில் இருந்த செயல் அலுவலர். என் கல்யாணத்தில் மேளம் பத்தாது என்று சொன்ன சித்தப்பா. மோட்டாருக்குப் பெட்டி மாட்ட வந்த ஆள். கம்ப்யூட்டர் பூஜ்யத்திலிருந்துதான் எண்ணும், பட்டியலில் முதல் ஆளின் எண் பூஜ்யம் என்று டீச்சர் சொன்னபோது, பூஜ்யமாவது எண்ணாவது என்று எரிச்சலாக இருந்தது. பிறகு பூஜ்யத்துக்கு நேரே பால்சாமி நிற்பதைப் பார்த்ததும் மனசு குளிர்ந்துவிட்டது. அன்று இரண்டு இட்லி அதிகம் சாப்பிட்டேன். மகள் போனில், "என்னப்பா, என்ன பழமெல்லாம் எழுதுனீங்க?" என்று கேட்டாள். எல்லாம் புளிச்ச பழம் என்றேன்.

பெட்டி மாட்ட வந்த ஆளுக்கு நான் ஒருவகையில் நன்றி சொல்ல வேண்டும், சொல்ல மாட்டேன். நான் ஓய்வு பெறுகிற மாதம் அது. டேங்க் அடியில் மோட்டார் தானாகப் போட்டு தானாக நிற்க ஒரு பெட்டி மாட்டினார்கள். இது எப்படிங்க தெரிஞ்சு நிக்குது என்று கேட்டேன். முப்பத்திரண்டு வருஷம் அந்த மோட்டாரோடு படுத்து எழுந்தவன் நான், கேட்கக் கூடாதா? அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அது புரோகிராமிங் பெரியவரே, உங்களுக்கெல்லாம் மண்டையில ஏறாது" என்றான். அந்த வார்த்தையை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். எட்டு மாதம் அது என்னோடு சாப்பிட்டது, என்னோடு தூங்கியது. பிறகு மகள் சொல்லித்தான் ரெஜினா டீச்சர் கிடைத்தாள். மூன்றாம் பாடத்திலேயே, தண்ணீர் இந்த மட்டத்துக்கு மேல் போனால் மோட்டாரை நிறுத்து, இல்லாவிட்டால் ஓடவிடு என்று எழுதிவிட்டேன். இவ்வளவுதானா, இதற்கா அவ்வளவு திமிர். முதல் நாள் ஒரு புள்ளி வைக்க மறந்து திரை முழுக்கச் சிவப்பாக வந்ததும் வயரைப் பிடுங்கிவிட்டேன், மகளின் பொருளைக் கெடுத்துவிட்டோமோ என்று. இப்போது அந்தச் சிவப்பு எனக்கு உறவுக்காரன் மாதிரி. நாலாவது வரியில் தப்பு என்று சொல்லும், உன் அப்பன் யார், நீ என்ன படித்தாய் என்று கேட்காது. திருத்தினால் தப்பு நடந்ததையே மறந்துவிடும். நான் அப்படியில்லை, எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்.

எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும் என்பதுதான் என் சொத்து. அந்த வியாழக்கிழமையும் மணி மணியாக ஞாபகம் இருக்கிறது. எங்கள் ஊரில் அப்போது வாரம் ஒருமுறைதான் தண்ணீர், வியாழக்கிழமை. இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு டேங்கிலிருந்து நடக்க ஆரம்பித்தால், ஒரு தெருவின் வால்வைத் திறந்து, முக்கால் மணி நேரம் விட்டு, அடைத்து, அடுத்த தெரு. மேலத்தெரு ஒன்று, பள்ளிவாசல் தெரு இரண்டு, இப்படிப் போய்ச் சந்தைத் தெரு ஏழு. சீட்டு கிடையாது, எல்லாம் வாய்க்கணக்கு. ஒன்று என்று சத்தமாகச் சொல்லித்தான் திறப்பேன். தெருவில் பெண்கள், "ரெண்டு சொல்லிட்டாரு, குடத்தை எடு" என்பார்கள். அந்த வருஷம்தான் புதுக்குடியிருப்பு வந்து எட்டாவது வால்வு வைத்தார்கள். பால்சாமி அங்கேதான் வீடு கட்டியிருந்தான். அவன் மகள் பொன்செல்வி பெரியவளாகி, அந்த வியாழக்கிழமை சடங்கு வைத்தான். ஊருக்கெல்லாம் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழம் வைத்துக் கூப்பிட்டவன், என்னை டீக்கடை முன்னால், ஸ்கூட்டரை அணைக்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றி, "மாப்ளே, வியாழக்கிழமை சடங்கு, வந்துருங்க" என்றான். தங்கச்சி புருஷனை, பெண்ணின் மாமனை, ஸ்கூட்டரை அணைக்காமல். டீக்கடையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். நான் போகவில்லை, வேலைக்குப் போனேன். எண்ணித் திறந்து, எண்ணி அடைத்து, ஏழு முடித்து வீட்டுக்கு வந்து படுத்தேன். சாயங்காலம் வாசலில் சத்தம். பால்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறான், பின்னால் பத்துப் பேர்.

"தண்ணி எங்கய்யா?"

"திறந்து அடைச்சாச்சு."

"எங்க திறந்தே? என் வீட்டுல நானூறு பேரு கலர் பாட்டிலை உடைச்சுக் கை கழுவிட்டுப் போறான்! கூப்பிட்ட முறை சரியில்லேன்னு பொம்பளப்புள்ள விசேஷத்துல தண்ணிய அடைச்சியா?"

திறந்தேன் என்றேன். செயல் அலுவலரிடமும் அதையே சொன்னேன். எண்ணித் திறந்தேன் சார், ஏழு சரியாக இருந்தது என்றேன். பால்சாமி எழுதிக் கொடுத்ததை வைத்து இரண்டு மாதம் வேலையை விட்டு நிறுத்தினார்கள். புதுக்குடியிருப்புக்காரர்கள் விடவில்லை, அய்யனார் கோயிலில் சத்தியம் பண்ணச் சொன்னார்கள். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தேன், திறந்தது சத்தியம் என்று. தோல் பொசுங்கியது, மனசு சுடவில்லை, ஏனென்றால் நான் பொய் சொல்லவில்லை. கோயிலை விட்டு இறங்கும்போது பால்சாமி, "சாமி பாத்துக்கிடும்" என்றான். அத்தோடு சரி. பத்தொன்பது வருஷம். சீனியம்மாள் அண்ணன் வீட்டுக்குப் போவதை நான் தடுத்ததில்லை, கூடப் போனதும் இல்லை. அவள் அங்கிருந்து கொண்டுவருகிற பலகாரத்தை மட்டும் தொடமாட்டேன். அடுப்படியில் அவள் தனியாக உட்கார்ந்து அந்த முறுக்கைக் கடிக்கிற சத்தம் கேட்கும். எல்லாவற்றிலும் மோசமான சத்தம் அதுதான்.

போன வாரம் பால்சாமி வந்தான், தாம்பாளத்தோடு. நான் இதே இடத்தில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டீச்சரை நிறுத்திவிட்டதால் அவன் பேசியது அத்தனையும் கேட்டது. "என்ன தாயி, மாப்பிள்ளை படிக்கிறாகளோ?" என்றான். ஆமா என்றாள் இவள். "சரி, பரீட்சை முடிஞ்சதும் கூட்டிட்டு வா" என்றான். குரல் கிழடு தட்டியிருந்தது, நடுவில் இருமினான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்திருந்தான் என்பது தரையில் கால் உரசியதிலேயே தெரிந்தது. நான் நின்றுபோன டீச்சரின் முகத்தையே பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன், பாடம் கேட்கிறவன் மாதிரி. தாம்பாளம் இன்னும் அலமாரி மேலேதான் இருக்கிறது, வெற்றிலை வாடிச் சுருண்டுவிட்டது. இப்போது முறையாகக் கூப்பிட்டுவிட்டான், அது ஒரு தொல்லை. ஸ்கூட்டர் கணக்கு முடிந்தால் மிச்சம் இருப்பது ஒன்றுதான், நான் செய்யாததைச் செய்தேன் என்று சொன்னது. அது இருக்கிறவரை எனக்குப் போக வேண்டியதில்லை. பத்தொன்பது வருஷமாக நான் சாய்ந்து உட்கார்ந்திருக்கிற சுவர் அது.

எட்டே முக்கால். நேரம் போகிறது. டீச்சர் இந்தப் பாடத்துக்குச் சொன்ன வேலை, ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு, அதில் ஒவ்வொன்றுக்கும் ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது. இதை நான் முப்பத்திரண்டு வருஷம் காலால் நடந்து செய்திருக்கிறேன். அதனால் பழமெல்லாம் வேண்டாம் என்று தெருக்களையே எழுதினேன், நடக்கிற வரிசையில். டேங்கை விட்டு இறங்கினால் காம்பவுண்டுச் சுவருக்கு உள்ளேயே இருக்கிற வால்வு புதுக்குடியிருப்பு, அதனால் அது முதலில். பிறகு மேலத்தெரு, பள்ளிவாசல் தெரு, கடைசியில் சந்தைத் தெரு. கீழே, எண் ஒன்றிலிருந்து ஆரம்பித்துப் பட்டியல் முடிகிறவரை போ, ஒவ்வொரு தெருவுக்கும் தண்ணீர் திறந்தாச்சு என்று அச்சடி. இவ்வளவுதான். புள்ளி வைத்தேனா என்று பார்த்தேன், வைத்திருந்தேன். ஓடவிட்டேன். சிவப்பு இல்லை. கறுப்புத் திரையில் வெள்ளை வெள்ளையாகத் தெருக்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின. குழாயில் தண்ணீர் வருகிற சத்தம் கேட்டது போல இருந்தது, சத்தியமாகக் கேட்டது, முதலில் காற்று, பிறகு சளசளவென்று. கால் பெடலை மிதித்தது. "எல்லாமே வந்திருக்கான்னு ஒரு தடவை செக் பண்ணிக்கோங்க நண்பர்களே" என்றாள் டீச்சர். விரலை வைத்து எண்ணினேன். ஒன்று மேலத்தெரு, இரண்டு பள்ளிவாசல் தெரு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு, ஏழு சந்தைத் தெரு. ஏழு, சரியாக இருக்கிறது. திருப்தியாகக் காப்பி டம்ளரை எடுத்தேன்.

எடுத்த டம்ளர் வாய்க்கு வரவில்லை. ஏழு எப்படிச் சரி? எழுதியது எட்டு. மேலே பார்த்தேன், புதுக்குடியிருப்பு என்று என் விரலால் அடித்தது அங்கே இருக்கிறது, முதல் ஆளாக. கீழே இல்லை. கம்ப்யூட்டருக்குப் பிரச்சினையே இல்லை, சொன்னதைச் செய்திருக்கிறது. ஒன்றிலிருந்து ஆரம்பி என்றேன், ஆரம்பித்தது. ஒன்றுக்கு முன்னால் ஒன்று இருந்தது. காம்பவுண்டுக்கு உள்ளே, சுவர் ஓரம், பூவரச மரத்துக்கு அடியில். நான் அதற்கு எண்ணே கொடுக்கவில்லை. புதிதாக வந்த வால்வு, ஏழை எட்டாக்க நாக்கு வரவில்லை, அதைச் சும்மா திறந்து அடைத்துவிட்டு, கேட்டைத் தாண்டி மேலத்தெருவில் போய்த்தான் ஒன்று என்று சத்தமாகச் சொல்வேன். அந்த வியாழக்கிழமை நான் பூவரச மரத்தடியில் நின்றேனா? சாவியைத் தோளில் போட்டேன், ஞாபகம் இருக்கிறது. ஸ்கூட்டரை நினைத்தேன், அணைக்காத ஸ்கூட்டரின் புகையை நினைத்தேன், ஊன்றிய காலை நினைத்தேன், கேட்டைத் திறந்தேன், ஒன்று என்றேன். நடுவில் மரம் இல்லை. மரத்தடியில் குனிந்தது இல்லை, சாவியை வால்வில் இறக்கியது இல்லை. மற்ற ஏழுக்கும் இருக்கிறது, கை வலித்தது வரைக்கும் இருக்கிறது. இதற்கு மட்டும் ஒன்றுமில்லை. ஏழு சரியாக இருந்ததால் நான் தேடவே இல்லை. சூடத்தை அணைத்த உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன், வழுவழுப்பான ஒரு வட்டம். பொய்ச் சத்தியமா அது? நான் பொய் சொல்லவில்லையே. ஆனால் நடந்ததாகச் சொன்னது நடக்கவில்லையே. தங்கமாரிக்கு மூளைக்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த ஒன்பது நாள், என் வலது முழங்கால், சீனியம்மாளின் கண்ணில் விழுந்த புரை, எல்லாம் ஒரு சுற்று வந்து முன்னால் நின்றன. திரையில் ஏழு தெருக்களும் ஒன்றும் நடக்காதது போல இருந்தன. சிவப்பு இல்லை, திட்டு இல்லை. தப்பு என்றுகூட அது சொல்லவில்லை, அன்றைக்கு எனக்குள்ளும் யாரும் சொல்லவில்லை. வேண்டுமென்று செய்யாமலே இவ்வளவும் செய்யலாம் போலிருக்கிறது. நானூறு பேர் கலர் பாட்டிலில் கை கழுவியிருக்கிறார்கள். அந்தப் பெண் பொன்செல்வி, பதின்மூன்று வயசு, மனையில் உட்கார்ந்து தலைக்கு ஊற்றத் தண்ணிக்குக்கூட வழியில்லாமல், என் மாமா தண்ணியை அடைத்துவிட்டார் என்று நினைத்திருப்பாள். இன்று அவள் மகனுக்குத்தான் காதுகுத்து.

ஒன்று என்பதை அழித்தேன், பூஜ்யம் வைத்தேன். ஓடவிட்டேன். புதுக்குடியிருப்பு முதலில் வந்தது. தண்ணீர் திறந்தாச்சு என்று வந்தது. அதை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. யாருக்கும் தெரியாது, இது எனக்கும் இந்தப் பெட்டிக்கும் நடுவில் இருக்கிற விஷயம், பெட்டி யாரிடமும் சொல்லப் போவதில்லை என்று ஒரு நினைப்பு மெதுவாக வந்து உட்கார்ந்தது. நல்ல நினைப்புத்தான், சாய்ந்துகொள்ள வசதியான நினைப்பு. சேமித்து வைத்தேன். அதே சமயம் மின்விசிறி இழுத்து இழுத்து நின்றது, திரை பட்டென்று கறுத்தது, அதில் என் முகம் தெரிந்தது. ஒன்பது. சீனியம்மாள் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் ஒரு செருப்பை மாட்டிவிட்டாள், அடுத்ததைக் காலால் தேடிக்கொண்டிருந்தாள்.

"சீனி."

"காப்பி பிளாஸ்க்ல இருக்கு. மத்தியானத்துக்கு ரசம் வச்சிருக்கேன்."

"அன்னைக்கு அந்த வால்வை நான் திறக்கல."

தேடின கால் நின்றது. என்றைக்கு என்று அவள் கேட்கவில்லை.

"வேணும்னே செஞ்சீங்களா?"

"இல்ல. ஒண்ணுலேர்ந்து எண்ணிட்டேன். அது ஒண்ணுக்கு முன்னாடி இருந்துச்சு."

அவள் என்னைப் பார்த்தாள், செத்துக் கிடந்த லேப்டாப்பைப் பார்த்தாள், அலமாரி மேலிருந்த தாம்பாளத்தைப் பார்த்தாள். அழுவாளோ என்று பயமாக இருந்தது. அழவில்லை.

"இந்த எண்ணிக்கையெல்லாம் எனக்குப் புரியாது. அங்க வந்து அவங்கிட்ட சொல்லுங்க. பஸ்ஸுக்குப் பத்து நிமிஷம்தான் இருக்கு."

"சிரிப்பான்."

"சிரிக்கட்டும். அவன் அந்த ஸ்கூட்டர்ல இருந்து விழுந்து கையை உடைச்சப்ப நீங்க சிரிக்கலையா?"

சிரித்தேன், ஞாபகம் இருக்கிறது. எழுந்தேன், பெடல் இரண்டு சுற்று தானாகச் சுற்றி நின்றது. வெள்ளைச் சட்டை எங்கே என்று கேட்கப் போனேன், அது தேய்த்துக் கட்டில்மேல் மடித்து வைத்திருந்தது. இன்று என்னைக் கூப்பிடவே இல்லையே, பிறகு எதற்குத் தேய்த்தாள் என்று கேட்கவில்லை. முகர்ந்து பார்த்தேன், சாம்பார் வாசனை. பொத்தான் போடும்போதே மனசு அங்கே போய்விட்டது. மாப்ளே என்பான், எழுந்து வருவான், இருமுவான், நான் சொல்லி முடிப்பதற்குள் நாலு பேரைக் கூப்பிட்டு இதைக் கேளுங்கப்பா என்பான். அவனை அந்தப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். பட்டியலிலிருந்து ஒரு பேரை எடுப்பது எப்படி என்று எனக்கு இன்னும் தெரியாது, அது பதின்மூன்றாம் பாடம், கரண்ட் வந்தால்தான் பார்க்க முடியும். சாயங்காலம் ஐந்து மணிவரை பால்சாமி பூஜ்யத்துக்கு நேரேதான் நிற்பான். நிற்கட்டும். அதுவரை அவன் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்ப்போம்.